வாசல்வரை வந்த கம்பி

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. அக்கரை சேர்ந்தவன் அங்கே பச்சையைக் கண்டானா என்பது பிறகுதான் தெரியும். ஆற்றைக் கடக்கும்போது அவன் பட்ட பாட்டைப் பற்றிப் பழமொழி ஒன்றும் கூறுவதில்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் ஒரு நிறுவனத்திடம் சந்தா கட்டிவரும் சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று, அதனை விட்டு மற்றொரு நிறுவனத்திற்கு மாற முற்பட்டால் படும் தொல்லையும் அத்தகையதே. விளம்பரத் தாளில் கட்டணம் குறைவாகத் தெரிகிறது. வேகம் மிகுதியாகத் தெரிகிறது. இடையில் உள்ள ஆறு மட்டும் அந்தத் தாளில் தெரிவதில்லை.

பழைய இணைப்பை நிறுத்தச் சொல்லி அழைத்தால், காத்திருப்போருக்கான இசையே நெடுநேரம் காதில் ஒலிக்கும். ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் உள்ளன என்றும், இடையில் விலகினால் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்றும் மறுமுனை கூறும். புதிய இணைப்பைப் பொருத்த வரும் ஊழியருக்காக வீட்டில் ஒருவர் விடுப்பெடுத்துக் காத்திருக்க வேண்டும். வந்தவர், முனை இல்லாத இடத்தில் தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று கூறித் திரும்பிவிடுவதும் உண்டு. பழையது நின்று புதியது வாராத நாள்களில் பிள்ளைகளின் பாடம் தடைப்படும். முதியோரின் மாலைப்பொழுது வெறுமையாகும். இரண்டும் ஒருங்கே இருக்கும் மாதத்திலோ இரண்டு கட்டணச் சீட்டுகள் வந்து சேரும்.

இத்தொல்லைக்கு நிறுவனங்களின் மெத்தனமே காரணம் என்று கூறிவிடுவது எளிது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் இத்தீவில் கம்பி வழியே ஒலியும் ஒளியும் செய்தியும் வீடு தேடி வந்த வரலாற்றை நோக்குமிடத்து, வேறோர் உண்மை புலப்படுகின்றது. வாசல்வரை வந்து நிற்கும் கம்பி யாருடையது என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே, காலந்தோறும் அவ்வீட்டாரின் உரிமையை அளந்து வந்திருக்கின்றது. கம்பியின் உடைமையும் அதன்வழி வருவதை விற்கும் உரிமையும் ஒரே கையில் இருந்தபோதெல்லாம் மாறுவது அரிதாயிற்று. அவை பிரிந்தபோதெல்லாம் எளிதாயிற்று. அந்த வரலாற்றின் சுருக்கத்தை இங்குக் காணலாம்.

தெரிவு இல்லாத காலம்

அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876ஆம் ஆண்டில். மூன்றே ஆண்டுகளில், அதாவது 1879இல், பென்னட் பெல் என்பவர் சிங்கப்பூரில் தனியார் தொலைபேசி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1882இல் ஓரியண்டல் டெலிபோன் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனி அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது. 1955இல் சிங்கப்பூர்த் தொலைபேசி வாரியம் அமைந்தது. 1974இல் அவ்வாரியம் தொலைத்தொடர்பு ஆணையத்துடன் இணைக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அந்தத் தொழில் நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டு, சிங்கப்பூர் டெலிகாம் என்ற பெயர் பெற்றது. இன்று மக்கள் அதனைச் சிங்டெல் என்று அறிவர்.

நூறாண்டுக்கு மேற்பட்ட இக்காலத்தில் கம்பியின் உடைமை பலமுறை கைமாறியது. ஆயின் கம்பியின் மறுமுனையில் இருந்த வீட்டாருக்கு எந்த நாளிலும் வேறு கடை இருந்ததில்லை. தொலைபேசி வேண்டியவர் விண்ணப்பம் செய்தார், காத்திருந்தார், கிடைத்தபோது மகிழ்ந்தார். "இவர் வேண்டாம், அவரிடம் போகிறேன்" என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. தெரிவு இல்லாத இடத்தில் மாறும் தொல்லையும் இல்லை என்பது உண்மையே. ஆனால், அது கூண்டுக் கிளிக்கு வழி தவறும் அச்சம் இல்லை என்பதைப் போன்றது.

கம்பி வழியே ஒலிபரப்பும் இவ்வாறே வந்தது. ரெடிஃபியூஷன் நிறுவனம் 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தன் சேவையைத் தொடங்கியது. வானொலிப் பெட்டி வாங்குவது பலருக்கு எட்டாத செலவாக இருந்த காலம் அது. மாதம் ஐந்து வெள்ளி செலுத்தினால் வீட்டுக்கும் கடைக்கும் கம்பி இழுத்து ஒரு பெட்டியை மாட்டிவிட்டனர். அலைவரிசை தேடும் வேலை இல்லை, இரைச்சல் இல்லை. காப்பிக் கடைகளில் வேலை முடிந்து வந்த உழைப்பாளிகள் கூடி அமர்ந்து, லீ தாய் சோர் கண்டனீஸ் மொழியில் சொல்லிய கதைகளைக் கேட்டு மகிழ்ந்தனர். ஹொக்கியன், தியோச்சு முதலிய பிற சீன வழக்குமொழிகளிலும் கதைகள் வந்தன.

1979ஆம் ஆண்டில் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து வழக்குமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அக்கதைகளுக்காகவே சந்தா கட்டிய முதியவர் என்ன செய்ய முடியும்? அந்தக் கம்பியை வைத்துக்கொள்ளலாம், அல்லது கழற்றிவிடலாம். அதே கதையைத் தருவதற்கு வேறு கம்பி இல்லை. ஒரே கம்பி, ஒரே விற்பனையாளர், அவர் தருவதே சரக்கு என்ற நிலையின் இயல்பை ரெடிஃபியூஷன் பெட்டி அன்றே காட்டிவிட்டது எனலாம். தொலைக்காட்சியும் இலவச வானொலியும் பெருகவே அப்பெட்டியின் செல்வாக்குக் குறைந்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அந்நிறுவனத்தின் ஒலிபரப்பு நின்றது.

இரண்டு கம்பிகள்

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கியது. அது வான்வழி வந்தது, கம்பியை வேண்டவில்லை. வெளிநாட்டு ஒளிவழிகளைக் காணும் ஆவல் பெருகியபோது, வீட்டின்மேல் செயற்கைக்கோள் தட்டுப் பொருத்திக்கொள்ளப் பொதுமக்களுக்கு அனுமதி இருக்கவில்லை. ஆகவே அந்த ஆவல் கம்பிவடத்தின் பக்கம் திரும்பியது. சிங்கப்பூர் கேபிள் விஷன் நிறுவனம் 1992இல் கட்டணத் தொலைக்காட்சியை வான்வழியே தொடங்கி, 1995இல் கம்பிவடத்துக்கு மாறியது. 1999இல் தீவு முழுவதும் வடம் இழுக்கும் பணி நிறைவெய்தியது. அடுக்குமாடி வீடுகளின் சுவர்களில் தொலைபேசி முனையுடன் கம்பிவட முனை ஒன்றும் இடம் பெற்றது.

தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த முனை ஒரு புதிய வாசல். உள்ளூர்த் தொலைக்காட்சியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் சில மணிகளே. வசந்தம் தனி ஒளிவழியாக மலர்ந்தது 2008ஆம் ஆண்டு அக்டோபரில்தான். 1993இல் சென்னையில் பிறந்த சன் தொலைக்காட்சி போன்றவை கம்பிவடம் வழியே இங்கு வந்து சேர்ந்தபோது, மாலை நேரத் தொடர் நாடகங்கள் பல வீடுகளில் அன்றாட வழக்கமாகிவிட்டன. பாட்டியின் பொழுதும் பேரனின் பந்தாட்டமும் ஒரே வடத்தில் வந்தன. அந்த வடத்தை இழுத்த நிறுவனத்திற்கு 2002ஆம் ஆண்டு வரை தனியுரிமை அளிக்கப்பட்டிருந்தது.

இதற்கிடையில் இணையம் வந்தது. 1994ஆம் ஆண்டில் சிங்நெட் பொதுமக்களுக்கு இணையச் சேவை வழங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பசிபிக் இன்டர்நெட் வந்தது. அதன் பிறகு சைபர்வே வந்தது. இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. தொலைபேசி வழியே எண்ணைச் சுழற்றி மோடம் கீச்சிடும் ஒலியுடன் இணையத்துள் நுழைந்த அந்நாளில், ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறுவது மிக எளிதாக இருந்தது. புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி, மோடம் அழைக்கும் எண்ணை மாற்றினால் போதும். யாரும் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. ஏனெனில் கம்பி தொலைபேசிக்குரியது. இணையத்தை விற்றவரோ வேறு. விற்பவரை மாற்றக் கம்பியை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

ஆயினும் அன்றும் ஒரு தளை இருந்தது. அது மின்னஞ்சல் முகவரி. முகவரியின் வாலில் நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுவனத்தை விட்டால் முகவரியும் போயிற்று. உறவினர், அலுவலகம், வங்கி என அனைவருக்கும் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அதற்கு அஞ்சியே பழைய நிறுவனத்தோடு இருந்துவிட்டோர் உண்டு. கம்பி கட்டாத இடத்தில் பெயர் கட்டியது.

சந்தை திறந்த பிறகு

1992இல் சிங்டெல் பெற்ற தனியுரிமை 2007 வரை நீடிக்கும் என்பது முதல் ஏற்பாடு. அது 2000ஆம் ஆண்டுக்குக் குறைக்கப்பட்டது. அவ்வாறு குறைத்தமைக்கு ஈடாக அரசு 150 கோடி வெள்ளி அளித்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொலைத்தொடர்புச் சந்தை முழுமையாகத் திறக்கப்பட்டது. அதே நாளில் ஸ்டார்ஹப் தன் சேவையைத் தொடங்கியது. 2002இல் அது சிங்கப்பூர் கேபிள் விஷனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

சட்டப்படி தெரிவு வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்ததா என்பதே கேள்வி. தொலைபேசிக் கம்பி ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. கம்பிவடம் மற்றொரு நிறுவனத்தின் கையில் இருந்தது. விரைவு இணையமும் இவ்விரு கம்பிகளில்தான் வந்தது. ஒன்று தொலைபேசிச் செப்புக் கம்பியில் ஏறி வந்தது. மற்றொன்று தொலைக்காட்சி வடத்தில் ஏறி வந்தது. ஆகவே நிறுவனத்தை மாற்றுவது என்பது கம்பியை மாற்றுவது என்றாகிவிட்டது. எண்ணை மாற்றினால் போதும் என்றிருந்த எளிமை, வேகம் கூடிய காலத்தில் மறைந்துவிட்டது என்பது வியப்பளிக்கும் உண்மை.

அக்காலத்தில் மாற முற்பட்ட குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தொலைபேசி முனை கூடத்தில் இருக்கும். கணினியோ பிள்ளையின் அறையில் இருக்கும். கம்பிவட முனை தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும். முன்பு ஒரு மூலையில் இருந்த மோடம் இனி வேறு மூலைக்குப் போக வேண்டும். சுவரோரம் புதிய கம்பி ஓட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். தொலைபேசி, தொலைக்காட்சி, இணையம் மூன்றையும் ஒரே கட்டாகக் கொண்டால் தள்ளுபடி என்று நிறுவனங்கள் அறிவித்தன. கட்டாகக் கொண்டோர் பயனடைந்தனர். ஆனால் அந்தக் கட்டில் ஒன்றை மட்டும் அவிழ்க்க முயன்றால் மற்றவற்றின் கட்டணம் ஏறும். ஒவ்வொன்றின் ஒப்பந்தமும் வெவ்வேறு நாளில் முடியும்படி அமைந்துவிட்டாலோ, எந்த நாளில் விலகினாலும் ஏதேனும் ஒன்றுக்கு ஈடு கட்டியே ஆக வேண்டும். மாறினால் மிச்சமாகும் பணம் மாறுவதற்கே செலவாகிவிடும் என்று கணக்கிட்டுப் பலர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டனர். நிறுவனங்கள் அதனை வாடிக்கையாளரின் பற்று என்று கொண்டன. பற்றும் களைப்பும் கணக்கேட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

எண்ணும் பந்தாட்டமும்

இத்தளைகள் தாமாக அறுந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் அறுக்கச் சட்டம் தலையிட வேண்டியிருந்தது. முதலில் அவிழ்ந்தது எண். கைத்தொலைபேசியில் 1997ஆம் ஆண்டு இரண்டாம் நிறுவனமாக மொபைல் ஒன் வந்தபோதே, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வழி தரப்பட்டது. ஆயின் அது அரைகுறை வழி. பழைய எண்ணுக்கு வரும் அழைப்பு, பின்னால் மறைந்திருந்த மற்றோர் எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2008ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் முழுமையான எண் பெயர்வு நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் எண் வாடிக்கையாளருடன் செல்லலாயிற்று. எண் நிறுவனத்தின் சொத்தன்று, அதனைப் பயன்படுத்துவோருக்கே உரியது என்ற கருத்து அன்று நிலைபெற்றது.

அடுத்த தளை நிகழ்ச்சிகள். 2007ஆம் ஆண்டு ஜூலையில் சிங்டெல் மியோ டிவி என்ற பெயரில் கட்டணத் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அதுவரை கம்பிவடத் தொலைக்காட்சி ஒன்றே இருந்த களத்தில் போட்டி பிறந்தது. போட்டியால் விலை குறையும், தரம் கூடும் என்று மக்கள் எதிர்பார்த்தனர். போட்டி வேறு வடிவம் கொண்டது. மற்றவரிடம் இல்லாத நிகழ்ச்சியைத் தனியுரிமையாக வாங்கிவிடுவதில் இரு நிறுவனங்களும் முனைந்தன. 2009ஆம் ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்து பிரிமியர் லீக் பந்தாட்டத்தின் 2010 முதல் 2013 வரையிலான ஒளிபரப்பு உரிமை ஸ்டார்ஹப்பின் கையிலிருந்து சிங்டெல்லின் கைக்கு மாறியது.

பந்தாட்டம் கரை மாறியதும் குடும்பங்களும் ஆற்றில் இறங்க வேண்டியதாயிற்று. தந்தைக்குப் பந்தாட்டம் வேண்டும், அது இந்நிறுவனத்திடம். பாட்டிக்குத் தமிழ்த் தொடர் வேண்டும். அவர் பழகிய ஒளிவழி அந்நிறுவனத்திடம். முடிவில் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே இரண்டு செட் டாப் பெட்டிகள், மேசைமேல் மூன்று தொலை இயக்கிகள், மாத இறுதியில் இரண்டு கட்டணச் சீட்டுகள் என்ற நிலை உருவாயிற்று. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்பது பிள்ளைகளுக்கு விளங்கியது, முதியோருக்கு விளங்கவில்லை. பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்வரை திரையில் நீல நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிமார்களின் பொறுமையை எந்த ஆய்வறிக்கையும் அளந்ததில்லை.

ஊடக மேம்பாட்டு ஆணையம் 2010ஆம் ஆண்டு மார்ச்சில் புதிய விதி ஒன்றை அறிவித்தது. தனியுரிமையாகப் பெறப்பட்ட நிகழ்ச்சியைப் போட்டி நிறுவனத்தின் பெட்டி வழியாகவும் மக்கள் பெற இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அறிவிப்புக்குப் பின்னர் வாங்கப்பட்ட உரிமைகளுக்கே அது பொருந்தியதால், அதன் முழுப் பயன் உடனே கிட்டவில்லை. 2013 முதல் 2016 வரையிலான பந்தாட்ட உரிமைக்கு இவ்விதி பொருந்தும் என ஆணையம் பணித்தது. சிங்டெல் மேல்முறையீடு செய்தது, அது தள்ளுபடியாயிற்று. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஸ்டார்ஹப் பெட்டியிலும் அப்பந்தாட்டத்தைப் பார்க்க முடிந்தது. நிகழ்ச்சி ஒருவருடையது, பெட்டி மற்றொருவருடையது என்று பிரிந்ததும் இரண்டாம் பெட்டியின் தேவை ஒழிந்தது.

ஒப்பந்தத்தின் பிடியும் பின்னர்ச் சற்றே தளர்ந்தது. ஒப்பந்தக் காலத்தின் நடுவில் நிறுவனம் கட்டணத்தை உயர்த்தினாலோ முக்கிய ஒளிவழிகளை நீக்கினாலோ, தண்டம் இன்றி விலகும் உரிமையைக் கட்டணத் தொலைக்காட்சிச் சந்தாதாரருக்கு 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகள் அளித்தன. வாக்குத் தவறியவர் ஒருவர், தண்டம் கட்டுபவர் மற்றொருவர் என்ற முரண் அதனால் நீங்கியது.

பொதுக் கம்பி

எஞ்சியது கம்பி. அதுவே மூல வேர். 2008ஆம் ஆண்டில் அரசு துணிந்து ஒரு முடிவெடுத்தது. நாடு முழுவதும் கண்ணாடியிழைக் கம்பி ஒன்று புதிதாக இழுக்கப்பட வேண்டும். அதை இழுக்கும் நிறுவனம் வீடுகளுக்கு நேரடியாகச் சேவை விற்கக் கூடாது. எந்த விற்பனையாளர் வந்து கேட்டாலும் ஒரே நிபந்தனையில் அதைத் திறந்துவிட வேண்டும். இதுவே புதிய தலைமுறை நாடளாவிய விரிவலைக் கட்டமைப்பின் அடிப்படை. கம்பியை இழுக்கும் பொறுப்பு ஓப்பன்நெட் என்ற கூட்டமைப்புக்கும், அதனை இயக்கும் கருவிகளின் பொறுப்பு நியூக்ளியஸ் கனெக்ட் நிறுவனத்திற்கும் தரப்பட்டன. அரசு இதற்கென 100 கோடி வெள்ளி வரை மானியம் ஒதுக்கியது. 2010ஆம் ஆண்டில் சேவை தொடங்கியது. 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வீடுகளில் 95 விழுக்காட்டைக் கம்பி எட்டியது.

தொண்ணூறுகளில் தொலைபேசிக் கம்பிமேல் பல இணைய நிறுவனங்கள் நின்ற அந்த எளிய முறையே பெரிய அளவில் திரும்பி வந்தது எனலாம். சொந்தக் கம்பி இல்லாத மைரிபப்ளிக், வியூக்வெஸ்ட் போன்ற நிறுவனங்களும் வீடுகளுக்குச் சேவை தர முன்வந்தன. வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்ட சிறு கண்ணாடியிழைப் பெட்டியில் இரண்டு துளைகள் அமைக்கப்பட்டன. ஒன்றில் பழைய நிறுவனத்தின் சேவை நடந்துகொண்டிருக்கையிலேயே மற்றொன்றில் புதிய நிறுவனம் தன் சேவையைத் தொடங்கலாம். வீடு இருண்டு கிடக்கும் நாள்களைத் தவிர்க்க அந்த இரண்டாம் துளை உதவியது. பார்வைக்கு அது ஒரு விரல்நுனி அளவு. ஆயினும் நூறாண்டுக்கு மேலாக வீட்டாருக்கு இல்லாதிருந்த ஓர் உரிமை அத்துளையில் அடங்கியிருந்தது.

எனினும் தொல்லை முற்றும் ஒழிந்துவிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் கண்ணாடியிழை இணைப்புக்கு விண்ணப்பித்தோர் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. விற்பவர் ஒருவர், கம்பி இழுப்பவர் மற்றொருவர் என்று பிரிந்ததால், பழுது யாருடையது என்பதில் ஒருவரை ஒருவர் சுட்டும் புதிய இடர்ப்பாடு தோன்றியது. வீட்டார் இருவருக்கும் இடையே செய்தி சுமக்கும் தூதரானார். உரிய காலத்தில் இணைப்புத் தராமைக்காக ஓப்பன்நெட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் தண்டமும் விதித்தது. 2013இல் நெட்லிங்க் டிரஸ்ட் ஓப்பன்நெட்டை வாங்கியது. சிங்டெல்லின் கையில் இருந்த அந்த அறக்கட்டளை 2017ஆம் ஆண்டு ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன்வழி சிங்டெல் தன் பங்கைக் கால் பகுதிக்கும் கீழாகக் குறைத்துக்கொண்டது. கம்பியையும் கடையையும் பிரிக்கும் வேலை அதன் பிறகே உடைமை அளவிலும் நிறைவெய்தியது.

பொதுக் கம்பிக்குரிய மற்றொரு குறையை 2013ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் காட்டியது. அன்று புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பற்றியது. பராமரிப்பு வேலையின்போது ஊதுவிளக்கைப் பயன்படுத்தியதே அதற்குக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. அந்நிலையத்தின் வழியே சென்ற கண்ணாடியிழைகள் எரிந்தன. தீவின் வடக்கிலும் மேற்கிலும் இணையமும் தொலைக்காட்சியும் நின்றன. ஒரு நிறுவனத்தின் சேவை பிடிக்காமல் வேறொரு நிறுவனத்திற்கு மாறியவர்களும், மாறாமல் இருந்தவர்களும் ஒருங்கே இருளில் அமர்ந்தனர். கடைகள் பல, கிணறு ஒன்று என்பது அன்று விளங்கியது. அவ்விபத்துக்காகச் சிங்டெல்லுக்கு 2014இல் 60 இலட்சம் வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது.

வடம் அறுந்த நாள்

2019ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஜனவரி 2ஆம் நாள் பழைய முறைத் தொலைக்காட்சி அலைபரப்பு நின்று, மின்னிலக்க முறை மட்டும் எஞ்சியது. அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளுடன் ஸ்டார்ஹப் தன் கம்பிவடச் சேவையை முடித்துக்கொண்டது. முதலில் ஜூன் இறுதி என்று குறிக்கப்பட்ட நாள், மக்கள் மாறுவதற்குக் கூடுதல் கால அவகாசம் தரும்பொருட்டு மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. தொண்ணூறுகளில் வீடுதோறும் இழுத்த வடம் பயனற்றுப் போயிற்று. சந்தாதாரர் அனைவரும் கண்ணாடியிழைக்கு வர வேண்டும்.

இம்முறை நிறுவனம் மாறவில்லை, கம்பிதான் மாறியது. ஆயினும் தொல்லை முன்போலவே வந்தது. நாள் குறித்தல், காத்திருத்தல், புதிய பெட்டி, புதிய தொலை இயக்கி, இடம் மாறிய ஒளிவழி எண்கள். மலிவைத் தேடி மாறிய இளையோருக்கு இது பழகிய பாதை. ஒருநாளும் மாற விரும்பாத முதியோரையும் இது மாறச் செய்தது. இருபது ஆண்டுகள் ஒரே பொத்தானை அழுத்திப் பழகிய விரலுக்கு வேறொரு பொத்தானைக் கற்றுக்கொடுப்பது, கம்பியைப் பொருத்துவதைவிடக் கடினமான வேலை. அவ்வேலைக்கு நிறுவனத்தின் பட்டியலில் கட்டணமும் இல்லை, நேரமும் இல்லை. அதைச் செய்தவர் பெரும்பாலும் மகனோ, மருமகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோதான்.

வரலாறு தரும் பாடம்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு முறைமை தெளிவாகின்றது. விற்பவர் ஒருவர் என்பதிலிருந்து இருவர், மூவர் எனப் பெருகியதால் மட்டும் வீட்டாரின் தொல்லை குறைந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் சந்தை திறந்தது. மாறுவது எளிதாக மேலும் பத்தாண்டு பிடித்தது. எண்ணை நிறுவனத்திடமிருந்து பிரித்தபோது ஒரு தளை அறுந்தது. நிகழ்ச்சியைப் பெட்டியிலிருந்து பிரித்தபோது மற்றொன்று அறுந்தது. கம்பியைக் கடையிலிருந்து பிரித்தபோது மூன்றாவது அறுந்தது. இம்மூன்றும் சந்தை தானாகத் தந்தவை அல்ல. பொதுநலன் கருதி விதி வகுத்துப் பெறப்பட்டவை.

இன்னும் பிரியாதவையும் உண்டு. நிறுவனத்தின் பெயர் தாங்கிய மின்னஞ்சல் முகவரியைப் பல்லாண்டு பயன்படுத்திய ஒருவருக்கு அது வீட்டு முகவரியைப் போன்றதே. எண்ணைப்போல் அதைத் தம்முடன் கொண்டு செல்வது எளிதன்று. அத்துடன், காத்திருக்கும் நேரத்திற்கு விலையில்லை என்ற எண்ணமும் மாறவில்லை. ஊழியர் வருவதற்காக விடுப்பெடுத்த தொழிலாளியின் அரைநாள் கூலி எந்தக் கட்டணச் சீட்டிலும் கழிக்கப்படுவதில்லை.

இணைய இணைப்பு இன்று ஆடம்பரம் அன்று. பள்ளிப் பாடமும் வங்கிக் கணக்கும் மருத்துவ முன்பதிவும் அதன்வழியே நடக்கின்றன. நீரையும் மின்சாரத்தையும் போல் அதுவும் வீட்டின் அடிப்படைத் தேவையாகிவிட்டது. அத்தகைய ஒன்றில் மாறும் உரிமை, தாளில் எழுதப்பட்ட உரிமையாக மட்டும் இருந்தால் போதாது. கல்வியில் எளியவரும் வயதில் முதியவரும் துணையின்றிப் பயன்படுத்தக்கூடிய உரிமையாக அது இருத்தல் வேண்டும். ஆற்றைக் கடக்கப் பாலம் உண்டா என்று பார்க்கும்போது, அப்பாலத்தில் பாட்டி நடக்க முடியுமா என்றும் பார்ப்பதே முறை.

வாசல்வரை வந்த கம்பி நூற்று நாற்பது ஆண்டுகளில் செம்பிலிருந்து கண்ணாடிக்கு மாறிவிட்டது. அதன் மறுமுனையில் இருப்பது என்றும்போல் ஒரு வீடுதான். அவ்வீட்டில் மாலை விளக்கேற்றிய பின் தமக்குரிய தொடர் தொடங்கும் நேரத்தை எதிர்நோக்கி ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருக்குக் கம்பி யாருடையது என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் அதனைத் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லாத நாள் எதுவோ, அந்நாளில்தான் இவ்வரலாறு நிறைவு பெறும்.